மருந்து அலமாரியில் இருந்து வந்த போட்டோ

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. போட்டோகிராபி வரலாறு. இதை ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேட்டா, அந்த வரலாற்றில் பாதி எங்க மருந்து அலமாரிக்குள்ளேயேதான் நடந்திருக்கு. அதுக்கான விலையைப் பல பேர் உடம்பாலதான் கொடுத்திருக்காங்க.

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் இருக்கு. போட்டோ என்பது கலையா, வெறும் இயந்திர வேலையான்னு ஊரே சண்டை போட்டுக்கிட்டு இருந்த 1850-களிலேயே போட்டோக்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கிய இடம். 2017-இல் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் பெரிய சேகரிப்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்னைக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். லண்டன் டிக்கெட் எல்லாம் வேண்டாம். அதில் ஏராளமானதை நைட் டூட்டியில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி இருக்கும். இது எந்தப் பொருளால், எந்த முறையில் செய்யப்பட்டதுன்னு. எல்லாரும் அதைத் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. ஏன்னா அது மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. வெள்ளி. அயோடின். பாதரசம். கொலோடியன். ஜெலட்டின். எல்லாமே நாங்க பார்மகாலஜியில் படிச்ச பெயர்கள்.

முதலில் வெள்ளி. சில்வர் நைட்ரேட்டை இன்னும் நாங்க பயன்படுத்துறோம். மூக்கில் அடிக்கடி ரத்தம் வர்ற குழந்தைக்கு ஈஎன்டி டாக்டர் ஒரு குச்சியால் தொட்டு வைப்பாரே, அது இதுதான். 1880-களில் ஜெர்மனியின் கிரெடே என்ற பிரசவ மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் இதை ஒரு சொட்டு விட்டால் தாயிடமிருந்து வரும் கொனோரியா தொற்றால் பார்வை போகாதுன்னு காட்டினார். எத்தனையோ குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றிய சொட்டு அது.

அதே வெள்ளி உப்பு வெளிச்சம் பட்டால் கறுக்கும். சூட்டால் இல்லை, வெளிச்சத்தால்தான்னு 1700-களின் தொடக்கத்தில் நிரூபித்தவர் யோஹான் ஹைன்ரிச் ஷுல்ட்ஸே. உடற்கூறியல் பேராசிரியர்! பாட்டிலில் சுண்ணாம்பும் நைட்ரிக் அமிலமும் கலந்து வேறு ஏதோ செய்யப் பார்த்தார். அமிலத்தில் கொஞ்சம் வெள்ளி கலந்திருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த பகுதி மட்டும் கறுத்துப்போச்சு. சூடுதான் காரணமான்னு அடுப்பருகே வைத்துப் பார்த்தார், ஒண்ணும் ஆகலை. அப்புறம் காகிதத்தில் எழுத்துகளை வெட்டி பாட்டில் மேல் ஒட்டி வெயிலில் வைத்தார். உள்ளே எழுத்து விழுந்தது. பாட்டிலைக் குலுக்கினா மறைஞ்சு போச்சு.

கிட்டத்தட்ட நூறு வருஷம் போட்டோகிராபி அங்கேயேதான் நின்னது. படம் விழும், ஆனா நிக்காது. 1802-இல் வெட்ஜ்வுட்டும் டேவியும் எடுத்த படங்களை மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் பார்க்க முடிஞ்சது. பகலில் எடுத்தா முழுசா கறுத்துடும். (மயக்க மருந்து டாக்டர்களுக்கு இந்த டேவியைத் தெரியும். சிரிப்பு வாயுவைத் தானே இழுத்துப் பார்த்து எழுதின அதே ஹம்ப்ரி டேவிதான்.)

அந்தப் பூட்டுக்கான சாவி ஏற்கெனவே கிடைச்சிருந்தது, யாருக்கும் தெரியலை. 1799-இல் ஷோசியே என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு உப்பைக் கண்டுபிடித்தார். இன்றைய பெயர் சோடியம் தயோசல்பேட். அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும்னு 1819-இல் ஜான் ஹெர்ஷல் கண்டார். இவர் வானியல், வேதியியல்னு எல்லாத்திலும் கை வச்சவர். 1839 ஜனவரியில் பாரிஸில் டகேர் என்பவர் படத்தைப் பிடிச்சு வச்சுட்டாராம்னு செய்தி வருது. எப்படிச் செய்தார்னு யாருக்கும் தெரியாது. ஹெர்ஷல் சில நாட்களில் தன் வீட்டிலேயே செஞ்சு முடிச்சுட்டார். வெளிச்சம் படாத வெள்ளியை அந்த உப்பால் கழுவிவிட்டால் மிச்சமிருக்கும் படம் நிலைச்சு நிக்கும், அவ்வளவுதான். போட்டோ ஸ்டூடியோக்காரங்க தலைமுறை தலைமுறையா "ஹைப்போ"ன்னு சொன்னது இதைத்தான். இந்த ஹைப்போவை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அந்த டகேரின் முறை என்ன? 1839 ஆகஸ்டில் பிரெஞ்சு அரசு வெளியிட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றணும். அயோடின் ஆவியில் காட்டணும். கேமராவில் வைக்கணும். அப்புறம், பாதரசத்தைச் சூடாக்கி அந்த ஆவியில் பிடிக்கணும். படம் மெல்ல எழும்பி வரும்.

அதே 1839-இல் லண்டன் பார்லிமென்ட் தெருவை இந்த முறையில் எடுத்த ஒரு தகடு இந்த மியூசியத்தில் இருக்கு. எடுத்தவர் பெயர் செயின்ட் குரோய். அந்தக் கூர்மையைப் பார்த்தா இப்பவும் ஆச்சரியமா இருக்கும். எனக்குக் கூடவே வேற ஒண்ணும் தோணுது. இந்த ஆள் அந்த வருஷம் எத்தனை தடவை அந்த ஆவியை இழுத்திருப்பார்?

பாதரசத்தை விழுங்கினா பெரும்பகுதி அப்படியே வெளியே போயிடும். ஆவியாக மூச்சில் போனா கதையே வேற. சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியா ரத்தத்தில் ஏறும், அங்கிருந்து மூளைக்கு. கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, அப்புறம் ஒரு விசித்திரமான கூச்சமும் எரிச்சலும். டகேரோடைப் ஸ்டூடியோக்காரர் நாள் முழுக்க ஒரு சின்ன அறையில் இதைச் செய்தார். யாரும் பெரிசா பயப்படவும் இல்லை. அந்தக் காலத்தில் சிபிலிஸுக்கு மருந்தே பாதரசம். டாக்டர் எழுதித் தர்ற மருந்தைப் பார்த்து யார் பயப்படுவா?

அடுத்த வரி: கொலோடியன். துப்பாக்கிப் பஞ்சு கேள்விப்பட்டிருப்பீங்க. பஞ்சை நைட்ரிக், சல்பியூரிக் அமிலங்களில் நனைத்துச் செய்த வெடிபொருள், 1846. அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைச்சா பிசின் மாதிரி ஒரு திரவம் வரும். காய்ஞ்சதும் தெளிவான சவ்வாகும். 1848-இல் பாஸ்டனில் மேனார்ட் என்ற மருத்துவ மாணவர் இதைக் காயத்தின் மேல் பூசலாம்னு எழுதினார். கால் ஆணிக்கும் மருவுக்கும் கடையில் ஒரு சின்ன பாட்டில் தருவாங்களே, தடவினா தோல் மேல் வெள்ளையா சவ்வு படியும், மூக்கைத் துளைக்கும் வாசனை. அந்தச் சவ்வு கொலோடியன். ஈஈஜி எடுக்கும்போது தலையில் கம்பிகளை ஒட்டுறதுக்கும் சில இடங்களில் இன்னும் இதுதான்.

ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி 1851-இல் இந்தக் காய மருந்தைக் கண்ணாடி மேல் ஊற்றினார். அதுக்குள் வெள்ளி உப்பைப் பிடிச்சு வச்சா தெளிவான நெகட்டிவ், அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேணும்னாலும். காப்புரிமை வாங்கலை, உலகத்துக்கே கொடுத்துட்டார். 1857-இல் ஏழையாகச் செத்தார். குடும்பத்துக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. அவர் முறையை வச்சு ஊரெல்லாம் ஸ்டூடியோ திறந்து பணம் பார்த்தவங்க அந்த நிதிக்கு இன்னும் கொஞ்சம் தாராளமா கொடுத்திருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல். கொலோடியன் ஈரமா இருக்கும்போதே படம் எடுக்கணும், ஈரம் காயும் முன்னே கழுவணும். பத்து நிமிஷம், அவ்வளவுதான். அதனால் போட்டோகிராபர் எங்கே போனாலும் இருட்டறையும் கூடவே போகும். வண்டியிலோ கூடாரத்திலோ. அடைச்ச இடம், ஈதர் ஆவி, பக்கத்திலேயே விளக்கு. ஈதர் எப்படிப் பத்தும்னு பழைய தியேட்டர் நர்ஸுங்களைக் கேளுங்க.

அதை விடப் பெரிய ஆபத்து கழுவுறதில் இருந்தது. ஹைப்போவை விட வேகமா, பளிச்சுன்னு வெள்ளி உப்பைக் கரைக்க இன்னொரு பொருள் கிடைச்சது. பொட்டாசியம் சயனைடு. போட்டோகிராபர் அலமாரியில் அது சாதாரணமா இருந்தது. இன்னும் மோசம் என்னன்னா, சில்வர் நைட்ரேட் பட்டால் விரல் கறுத்துடும், சோப்புக்குப் போகாது. அதைப் போக்கவும் சயனைடு கட்டியை எடுத்துக் கையிலேயே தேய்ச்சாங்க! விரலில் ஒரு கீறல் இருந்தா? டெவலப்பரில் இருந்த அமிலத்தோடு அது கலந்தா வர்ற வாயு? அந்தக் கால போட்டோகிராபி பத்திரிகைகளில் சயனைடு விபத்துச் செய்திகளும் எச்சரிக்கைகளும் வந்துக்கிட்டே இருந்தன. சயனைடு என்ன செய்யும்னா, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. சோறு முன்னால இருந்தும் வாயைக் கட்டிப் போட்ட மாதிரி.

ஜூலியா மார்கரெட் கேமரூன். போட்டோகிராபி தெரிஞ்சவங்களுக்கு இவங்க பெயர் போதும். கல்கத்தாவில் பிறந்தவங்க. 48 வயசில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கினாங்க. நிலக்கரி கொட்டும் அறை இருட்டறை ஆச்சு, கோழிக்கூடு ஸ்டூடியோ ஆச்சு. இதே மியூசியம் 1865-இலேயே அவங்க படங்களை வாங்கியது, 1868-இல் படம் எடுக்க ரெண்டு அறையும் கொடுத்தது. அவங்க படங்களுக்குக் கீழே அந்த வரி இருக்கும்: ஈரக் கொலோடியன் கண்ணாடி நெகட்டிவ், முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் பிரிண்ட். (முட்டைக் கணக்கு தனிக் கதை. ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ஒரு காகித ஆலை மட்டும் ஒரு நாளைக்கு 60,000 முட்டை உடைச்சது.)

அவங்களும் சயனைடுதான் பயன்படுத்தினாங்க. கையில் தாராளமா வழியவிட்டாங்க. கடிதத்தில் அதைப் படிச்சுப் பதறிப்போய், அந்த விஷத்தோடு எச்சரிக்கையா இருன்னு பதில் எழுதினவர் யார் தெரியுமா? அவங்க பழைய நண்பர் ஹெர்ஷல். ஹைப்போ ஹெர்ஷல்.

இப்போ நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன விஷயம். இன்னைக்கு ஒருத்தர் சயனைடு சாப்பிட்டு எமர்ஜென்சிக்கு வந்தா நாங்க நரம்பில் ஏற்றும் மாற்று மருந்துகளில் ஒண்ணு சோடியம் தயோசல்பேட். ஹைப்போவேதான். அதிலுள்ள கந்தகத்தை வாங்கி, கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிடும், சிறுநீரில் வெளியே போயிடும். 1930-களில்தான் இது சிகிச்சையாக நிலைபெற்றது. அதாவது 1860-களின் இருட்டறையில் ஒரு தட்டில் விஷமும் பக்கத்துப் பாட்டிலில் அதன் முறிவும் இருந்திருக்கு. யாருக்கும் தெரியாது. (அதே ஹைப்போவுக்கு இன்னொரு வேலையும் இப்போ வந்திருக்கு. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் குழந்தைகளுக்குக் காது போகாமல் தடுக்க, 2022-இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதிச்சது.)

கேமரூன் கடைசி வருஷங்களில் கணவரின் காபித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போய், அங்கே தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தாங்க. கல்லறை பொகவந்தலாவையில் இருக்கு.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். இந்த மியூசியத்தின் இந்தியப் படங்களைப் பார்த்தா ஒண்ணு புரியும். ஆரம்ப காலத்தில் இங்கே கேமரா பிடித்தவர்களில் கம்பெனி டாக்டர்கள் கணிசம். ஆக்ராவில் தாஜ்மகாலை எடுத்த ஜான் மர்ரே ஒரு சிவில் சர்ஜன். மைசூர், தார்வார் கோயில்களை எடுத்த பிகோவும் நீலும் ராணுவ சர்ஜன்கள். மெட்ராஸில் 1850-இல் ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் சர்ஜன்தான். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. 1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவாகவும் அவர்தான் முன்னால் நின்னார். ஏன் டாக்டர்கள்? ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. கெமிஸ்ட்ரி படிச்சிருப்பாங்க, தராசு இருக்கும், மருந்துப் பெட்டியில் சில்வர் நைட்ரேட்டும் அயோடினும் ஏற்கெனவே இருக்கும்.

லினேயஸ் ட்ரைப் டாக்டர் இல்லை, ராணுவ அதிகாரி. மெட்ராஸ் மாகாணத்தின் அதிகாரபூர்வ போட்டோகிராபர். 1858-இல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். நம்ம வெயிலில் கொலோடியன் காயாமல் வச்சிருக்கிறது பெரிய பாடு. அவர் நம்பினது மெழுகு பூசிய காகித நெகட்டிவை. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 துண்டுகளாக எடுத்து ஒட்டிய படம் கிட்டத்தட்ட 19 அடி நீளம். ராஜராஜன் காலத்து எழுத்தைக் கேமராவால் நகலெடுத்த அந்தப் பொறுமைக்கு முன்னால நம்ம பனோரமா மோட் எல்லாம் சும்மா. கொஞ்ச நாளில் கவர்னர் டிரெவெலியன் இது வீண் ஆடம்பரம்னு திட்டத்தையே நிறுத்திட்டார். ட்ரைப் அதுக்கப்புறம் பெரிசா படம் எடுக்கலை.

சரி, கொலோடியன் சாம்ராஜ்யம் எப்படி முடிஞ்சது? ஒரு டாக்டரின் உடம்பு ஒத்துக்காததால்.

ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ். இங்கிலாந்து மருத்துவர். மைக்ராஸ்கோப்பில் தெரியுறதைப் படம் பிடிக்கிறதில் கெட்டிக்காரர். வருஷக்கணக்கா சின்ன அறையில் ஈதர் ஆவியை இழுத்து இழுத்து உடம்பு கெட்டுப்போச்சு. ஈதர் இல்லாமல் வெள்ளியைக் கண்ணாடியில் பிடிச்சு வைக்க வேற என்ன இருக்குன்னு தேடினார். பல பொருட்களை முயற்சி செஞ்சார். கடைசியில் கைகொடுத்தது ஜெலட்டின். மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற அதே பொருள், நாம விழுங்குற கேப்சூலின் கூடு. 1871 செப்டம்பரில் ஒரு பத்திரிகையில் எழுதினார். முடிக்காத பரிசோதனை, எனக்கு நேரமும் உடம்பும் இல்லை, யாராவது தொடருங்கன்னு கொடுத்துவிட்ட தொனி. இவரும் காப்புரிமை வாங்கலை. முதுமையில் இவருக்கும் நிதி திரட்ட வேண்டி வந்தது.

மத்தவங்க தொடர்ந்தாங்க. 1878-இல் சார்லஸ் பென்னட் அந்த ஜெலட்டின் கலவையைப் பல நாள் மிதமான சூட்டில் வச்சா வேகம் பல மடங்கு ஏறுதுன்னு காட்டினார். இப்போ தகடு காய்ஞ்சே இருக்கலாம். மாசக்கணக்கில் பெட்டியில் வச்சு, கடையில் விற்கலாம். கூடாரம் வேண்டாம், ஈதர் வேண்டாம், சயனைடு வேண்டாம். இதைப் பத்திரிகையில் படிச்சுட்டு, அம்மாவின் சமையலறையில் ராத்திரி ராத்திரியா கலவை காய்ச்சிய வங்கி எழுத்தர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன். 1888-இல் கோடாக் கேமரா, 25 டாலர், 100 படம். எடுத்து முடிச்சுட்டுக் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிடலாம்.

ஒரு சுவாரசியம். ஜெலட்டின் ஏன் இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு கோடாக்குக்கே ரொம்ப நாள் புரியலை. 1880-களில் ஒரு தடவை தகடுகள் திடீர்னு மங்கிப்போய் தொழிலே ஆட்டம் கண்டது. 1920-களில்தான் அவங்க விஞ்ஞானி ஷெப்பர்ட் கண்டுபிடிச்சார். மாடு மேய்ந்த கடுகுச் செடி போன்றவற்றிலிருந்து மிகச் சிறிய அளவு கந்தகச் சேர்மங்கள் ஜெலட்டினுக்கு வருது, அதுதான் வெள்ளி உப்பை வெளிச்சத்துக்கு அவ்வளவு உணர்வுள்ளதாக ஆக்குது!

1895-இல் ரோன்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டபோது இந்த ஜெலட்டின் தகடுகள் தயாரா இருந்தன. டிசம்பரில் மனைவியின் கை, மோதிரத்தோடு. அலமாரியில் இருந்து போன மருந்துகள் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்துருச்சு. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த காலத்திலும் எக்ஸ்ரே டார்க் ரூமில் அதே ஹைப்போ வாசனைதான். ராத்திரி விபத்துக் கேஸ் வந்தா ஃபிலிம் காயுற வரைக்கும் காத்திருக்க முடியாது. சொட்டச் சொட்ட ஹேங்கரோடு தூக்கிக்கிட்டு ஓடி வந்து ட்யூப்லைட்டில் பிடிப்போம். வெட் ஃபிலிம்னு பேரு.

கூடவே துப்பாக்கிப் பஞ்சும் ஆஸ்பத்திரிக்கு வந்தது. இதைத்தான் பலர் பேசுறதில்லை. கண்ணாடி உடையும்னு ஃபிலிமை நைட்ரேட் செல்லுலாய்டில் செஞ்சாங்க. கொலோடியனின் ஒன்றுவிட்ட தம்பி. 1929 மே 15, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். அடித்தளத்தில் அடுக்கி வச்சிருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்கள் பத்திக்கிச்சு. இந்த ஃபிலிம் எரிய வெளிக்காற்றே தேவையில்லை, ஆக்சிஜன் அதுக்குள்ளேயே இருக்கு. 123 பேர் இறந்தாங்க. பெரும்பாலானோர் தீயில் இல்லை, நைட்ரஜன் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கலந்த புகையில். நல்லாத்தான் இருக்கேன்னு நடந்து வெளியே வந்த சிலர் சில மணி நேரம் கழிச்சு நுரையீரலில் நீர் கோர்த்து இறந்தாங்க. கிளினிக்கின் நிறுவனர்களில் ஒருவரான டாக்டர் ஜான் பிலிப்ஸும் அதில் ஒருவர். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிகள் எரியாத அசிட்டேட் ஃபிலிமுக்கு வேகமா மாறின. கோடாக் நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பை முழுசா நிறுத்தினது 1951-இல்.

ரிப்ளையில் கேட்பீங்கன்னு தெரியும், முன்னாடியே சொல்லிடறேன். வீட்டில் மாட்டியிருக்கிற தாத்தா பாட்டி கறுப்பு வெள்ளைப் போட்டோவில் விஷம் எதுவும் இல்லை. எல்லாம் கழுவிப் போயாச்சு, இருக்கிறது வெள்ளியும் ஜெலட்டினும்தான். ஓரத்தில் கண்ணாடி மாதிரி மினுமினுப்பு தெரிஞ்சா அது வெள்ளி மேலே வர்றது. துணி போட்டுத் துடைக்காதீங்க. ஈரச் சுவரில் இருந்து கழற்றி, காய்ஞ்ச இடத்தில் வைங்க. ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. 1950-க்கு முந்தைய ஃபிலிம் நெகட்டிவ் சுருள் பழைய டிரங்குப் பெட்டியில் பிசுபிசுப்பா, காரமான நெடியோட இருந்தா மட்டும் அதைப் பரணில், அடுப்புக்கு மேலே வைக்காதீங்க. ஒரு நல்ல ஸ்டூடியோவிலோ ஆவணக் காப்பகத்திலோ காட்டி நகல் எடுத்துக்கோங்க.